நரியின் வாலை யார் வைத்திருக்கிறார்கள்? குர்து பாட்டிக் கதைகளைக் குழந்தைகளுக்காகக் காப்பாற்றி வைப்பது எப்படி

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், மிச்சமெல்லாம் அதிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் மேல் வீட்டில் ஒரு குர்து குடும்பம் இருக்கிறது. குர்துகள் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்று பல நாடுகளில் பரவி வாழும், தனி மொழி உள்ள இனத்தவர். இவர்கள் துருக்கியின் கிழக்கே, வான் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாட்டியிடம் கதைகள் ஏகப்பட்டது இருக்கின்றன, பேரப்பிள்ளைகளுக்குப் பாதி மொழி புரியவில்லை, யாராவது பதிவு செய்து வைத்தால் தேவலை என்று அந்த வீட்டு மருமகள் ஒருநாள் சொன்னார். எனக்கு ஒலிப்பதிவு கொஞ்சம் தெரியும், சரி என்று போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் சத்தமில்லாத காலை நேரமாகப் பார்த்து, நல்ல மைக்காக ஒன்றைப் பாட்டி முன்னால் வைத்து, "சொல்லுங்கள்" என்றோம். பாட்டி "கிழவியும் நரியும்" கதையைச் சொன்னார். நான்கே நிமிடம். முடிந்துவிட்டது.

ஒலி அவ்வளவு சுத்தமாக இருந்தது. கதைதான் இல்லை. நரி பால் குடித்தது, கிழவி வாலை வெட்டினாள், நரி ஆட்டிடம் போனது, மரத்திடம் போனது, ஊற்றிடம் போனது, கடைசியில் வால் கிடைத்தது. பரீட்சையில் 'சுருக்கி வரைக' என்று கேட்டால் எழுதுவோமே, அது மாதிரி.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை சும்மா டீ குடிக்கப் போயிருந்தேன். ஆறு வயதுப் பேரன் பாட்டி மடியில் சாய்ந்துகொண்டு அதே கதையைக் கேட்கிறான். இப்போது அது இருபது நிமிடம் ஓடுகிறது! நரிக்கு ஒரு மூக்கடைத்த குரல், கிழவிக்கு ஒரு கறார் குரல், வால் வெட்டும் இடத்தில் பையனின் கால் கட்டைவிரலை இரண்டு விரலால் 'சடக்' என்று ஒரு பிடி. அவன் வீறிட்டுச் சிரித்துவிட்டு, வலித்ததா, ரத்தம் வந்ததா, வாலை எங்கே வைத்தாள் என்று கேட்கிறான். மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள் என்று பாட்டி உடனே பதில் சொல்கிறார். காலையில் மைக்கிடம் சொன்ன கதையில் மாவுப் பானையே கிடையாது. குழந்தை கேட்டதால் வந்த பானை அது.

ஆகவே இந்த வேலைக்கு ஒரே விதிதான் உண்டு என்பேன்: குழந்தை இல்லாத அறையில் பதிவு செய்யாதீர்கள். கீழே சொல்வதெல்லாம் பக்கத்தில் குர்து குடும்பம் இருக்கிறவர்களுக்கும், அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும், கதை சேகரிப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கும்.

எந்தக் கதையில் தொடங்குவது

குர்து மொழியில் கதைக்கு சீரோக் என்று பேர், கதை சொல்பவர் சீரோக்பேஜ். ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் தெங்பேஜ்கள்தான். 'தெங்' என்றால் குரல், 'பேஜ்' என்றால் சொல்பவர். பெரும்பாலும் வாத்தியம் எதுவும் இல்லாமல், காதோரம் ஒரு கையை வைத்துக்கொண்டு, காதலையும் பகையையும் சாவையும் மணிக்கணக்கில் பாடுகிறவர்கள். 19ஆம் நூற்றாண்டின் எவ்தாலே ஜெய்னிகே தொடங்கி, 1996இல் இறந்த ஷாகிரோ வரை பெரிய பெரிய பேர்கள் உண்டு. துருக்கியின் தியார்பக்கிர் நகரில் 2007இல் இவர்களுக்கென்றே ஒரு இல்லம் திறந்தார்கள். துருக்கியில் குர்து மொழிக்கு வானொலியே இல்லாத காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் சோவியத் ஆர்மீனியாவின் யெரெவான் வானொலி 1955 முதல் கொஞ்ச நேரம் குர்து மொழியில் ஒலிபரப்ப, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். அதில் பாடிய காராபேதே காச்சோ குர்து இனத்தவர்கூட இல்லை, ஆர்மீனியர்.

இத்தனை பெருமை இருந்தும், குழந்தைகளுக்குத் தெங்பேஜிலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் பாடும் கிலாம் என்ற பாட்டு வகை அடர்த்தியானது, பழைய சொற்கள் நிறைந்தது, பாதிக்குமேல் ஒப்பாரி மாதிரி இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து அதைக் கேட்கச் சொன்னால், 'நம் மொழி என்றால் அழுகை' என்றுதான் அதன் மனசில் பதியும். அது பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தானே வரட்டும்.

முதலில் தாலாட்டு. அதற்கு லோரி என்று பேர். சின்னதாக இருக்கும், பாட்டிகள் வெட்கப்படாமல் பாடுவார்கள், கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் விடுகதை, துருக்கி, சிரியா பக்கத்துக் குர்து வழக்கான குர்மாஞ்சியில் மாமிக் என்பார்கள், கூடவே நாக்கு சுழற்றும் வேகச் சொல்விளையாட்டுகள். இவை இரண்டும் ஒரே மாலையில் இருபது முப்பது கிடைக்கும். அப்புறம்தான் விலங்குக் கதைகள். நரி, ஓநாய், கரடி, வெள்ளாடு. அதற்கும் பிறகு கெச்செலோக் என்ற மொட்டைத்தலைப் பையன் எல்லாரையும் ஏமாற்றும் கதைகள், தேவ் என்று சொல்லப்படும் ராட்சசர்களைத் தேடிப் போகும் மீர்சா மிஹெமெத் கதைகள். சீபான் மலையில் மான் முட்டிப் பள்ளத்தில் விழுந்த சியாபெந்தையும் அவன் காதலி கெஜேயையும், 1609-10இல் ஈரான் மன்னர் ஷா அப்பாஸின் படை முற்றுகையிட்ட திம்திம் கோட்டையையும் பிள்ளைகள் வளர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

கேட்பது எப்படி

"ஒரு கதை சொல்லுங்கள்" என்று கேட்டால் "எனக்கு என்ன தெரியும், எல்லாம் மறந்துபோச்சு" என்பதுதான் பதிலாக வரும். இதை நம்பிவிடாதீர்கள். அந்தக் கதைகள் யாரோ மேடைபோட்டுக் கேட்டதால் வந்தவை இல்லை. மலைக்கிராமங்களில் பனி விழுந்து பாதை அடைபட்டால் மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. ஆடுமாடு கொட்டிலில், ஆட்கள் அடுப்பைச் சுற்றி. இரவைக் கழிக்கக் கூடும் இந்தக் கூட்டத்துக்கு ஷெவ்புஹேர்க் என்றே ஒரு பேர், ஷெவ் என்றால் இரவு. ஈரான் பக்கத்துக் குர்துகள் தணல் வைத்த தாழ்வான மேசைமேல் ரஜாயைப் போர்த்தி அதற்குள் எல்லாரும் காலை நீட்டிக்கொள்வார்கள், அதைக் குர்சி என்பார்கள். கதை அந்தக் கதகதப்போடு சேர்ந்து மனசில் இருக்கிறது. அதனால் கதையைக் கேட்காமல் அந்த இரவைக் கேளுங்கள். யார் வீட்டில் கூடுவீர்கள், அடுப்பில் எதைப் போட்டு எரித்தீர்கள், யார் பக்கத்தில் படுத்தீர்கள், தூங்காமல் அடம்பிடித்தால் அம்மா என்ன சொல்லி மிரட்டினார்? மூன்றாவது நான்காவது கேள்வியில் கதை தானாக வந்து விழும்.

அதுவும் நடக்கவில்லையா, கதையைத் தப்பாகச் சொல்லுங்கள். "நரி வாலை ஓநாயிடம்தானே கொடுத்து வைத்தது?" என்று நான் அப்பாவியாகக் கேட்டதும், பாட்டி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்புத் தப்பாகச் சொல்கிறவனைத் திருத்தாமல் இருக்க உலகத்தில் எந்தப் பாட்டியாலும் முடியாது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் பக்குவமாகக் கையாள வேண்டும். துருக்கியில் 1983இல் வந்த ஒரு சட்டம் குர்து மொழியில் பேசவும் வெளியிடவும் தடை போட்டது, 1991இல்தான் அதை நீக்கினார்கள். 90களில் தென்கிழக்கில் ஏராளமான கிராமங்கள் காலியாக்கப்பட்டன. குளிர்கால இரவுக் கூட்டங்களும் அந்தக் கிராமங்களோடு போயின. அந்தக் காலத்தில் வளர்ந்த ஒருவர் முன்னால் போய் ரெக்கார்டரை வைத்தால், பல வருடப் பழக்கத்தில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். முதல் இரண்டு சந்திப்பில் எதையும் பதிவு செய்யாமல் சும்மா கேட்டுவிட்டு வாருங்கள். எதற்காக, யார் கேட்பார்கள், எங்கே இருக்கும் என்பதை மருமகளோ மகனோ அவர்கள் மொழியிலேயே சொல்லட்டும். பெண்கள் பாடும்போது ஆண்கள் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது என்று அவர்கள் சொன்னால் ஆண்கள் எழுந்து வெளியே போய்விடலாம். அந்நிய ஆண்கள் முன்னால் பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இருந்தது, அதையும் மீறி பாக்தாத் வானொலியில் பாடிப் பேர் வாங்கிய மெர்யெம் கான் மாதிரியானவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டுக்குள் பெண்களிடம் இருந்த கதைச் செல்வம் வெளியே தெரியாமல் போனதற்கு இது ஒரு காரணம். இந்த வேலையில் நாம் தேடிப்போவதும் அந்தச் சமையலறைப் பக்கத்தைத்தான்.

பதிவு செய்யும்போது

போன் போதும். ஸ்டுடியோ மைக் வாங்கப் போகாதீர்கள், நான் வாங்கியது இப்போது அலமாரியில் தூங்குகிறது. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற சத்தம் எல்லாம் இடிமாதிரி விழும், மடித்த துண்டு ஒன்றின்மேல் வையுங்கள், சொல்பவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். டிவியை அணைக்கச் சொல்லுங்கள், பிரிட்ஜ் உறுமும் சமையலறையானால் வேறு அறைக்குப் போங்கள். செயலியில் வேவ் என்ற வடிவத்தைத் தேர்வு செய்ய முடிந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் போன் தருகிற வடிவத்திலேயே எடுங்கள், அதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கரண்டி போட்டுக் கலக்குகிற 'கிணிங் கிணிங்' சத்தம் கேட்க அழகு, ஆனால் பதிவில் பாதிச் சொல்லை விழுங்கிவிடும். வான் பக்கத்துக்காரர்கள் சர்க்கரையை டீயில் போடாமல் கட்டியாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு டீயை உறிஞ்சுவார்கள். என் முதல் பத்துப் பதிவில் மூன்றில் பாட்டி சர்க்கரைக் கட்டியோடுதான் பேசுகிறார், நரியும் ஆடும் எல்லாமே கொழகொழ. டீயை வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. முதல் கிளாஸைக் குடித்துவிட்டுத் தொடங்குங்கள், இரண்டாவது கதைக்குப் பிறகு வரட்டும்.

பதிவு தொடங்கியதும் தேதி, இடம், சொல்பவர் எந்த ஊர், இந்தக் கதையை யாரிடம் கேட்டார் என்பதை வாயாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கோப்பின் பேர் மாறலாம், தொலையலாம், ஒலிக்குள்ளேயே இருக்கிற தகவல் எங்கும் போகாது. யாரிடம் கேட்டார் என்பது ரொம்ப முக்கியம். "என் அப்பாவின் அத்தை, அவருக்குக் கண் தெரியாது" என்று பாட்டி ஒருநாள் சொன்னார், அப்போதுதான் அந்தக் கதைக்கு இன்னொரு தலைமுறை வயசு கூடியது.

குழந்தை குறுக்கே பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள். இருமல், சிரிப்பு, "அப்புறம்?" எல்லாம் இருக்கட்டும். கதை தொடங்கும் வாசகத்தையும் முடியும் வாசகத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். தொடக்கம் பெரும்பாலும் "ஹெபூ நெபூ" என்று வரும், 'இருந்தது, இல்லாமலும் இருந்தது' என்று பொருள். நம் 'ஒரே ஒரு ஊரிலே' ஊர் இருந்ததாகத் துணிந்து சொல்கிறது, இவர்கள் எடுத்த எடுப்பிலேயே அதையும் சந்தேகத்தில் விட்டுவிடுகிறார்கள். முடிவில் கேட்டவர்களின் அப்பா அம்மாவுக்கு இறையருள் வேண்டுவது குர்மாஞ்சிக்காரர்கள் வழக்கம். ஈராக், ஈரான் பக்கம் சோரானி பேசுகிறவர்கள் கதையில் நடந்த கல்யாண விருந்தை விவரித்துவிட்டு, "நானும் போய்விட்டு வந்தேன், எனக்கு ஒன்றுமே தரவில்லை" என்று முடிப்பார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிக்கும். மொழி பாதி தெரியாத பிள்ளைகூட இந்த இரண்டு வாசகத்தையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கதைக்குள் நுழையக் கதவு அதுதான்.

பழைய கேசட்டுகள்

குர்து வீடுகளில் எங்கோ ஒரு பெட்டியில் கேசட்டுகள் கிடக்கும். தடை இருந்த காலத்தில் கையிலிருந்து கைக்குப் போனவை, வானொலியிலிருந்து பிடித்தவை, கல்யாணத்தில் யாரோ பாடியதைப் பிடித்தவை, சில சமயம் ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிய குரல். கிடைத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வீட்டில் ஓட்டாமல் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள், பிறகு தெரியாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் கணினிக்கு மாற்றுங்கள். இரைச்சலை நீக்க ஆசை வரும். மூலப் பிரதியை அப்படியே தனியாக வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள். அட்டையில் கிறுக்கியிருக்கிற எழுத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்கும்போது

இங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். குர்து என்பது ஒரே எழுத்து, ஒரே பேச்சு என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் தலை சுற்றும். துருக்கி, சிரியா பக்கம் குர்மாஞ்சியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். 1932இல் டமாஸ்கஸில் ஜெலாதெத் பெதிர்கான் தொடங்கிய ஹாவார் பத்திரிகை வழியாகப் பரவிய எழுத்து அது. அதில் உள்ள மூன்று எழுத்துகள் துருக்கி மொழி எழுத்தில் இல்லை என்பதாலேயே 2013 வரை துருக்கியில் அவற்றை வைத்துப் பிள்ளைக்குப் பேர்கூடப் பதிவு செய்ய முடியாமல் இருந்தது. சோரானி அரபு எழுத்தை மாற்றியமைத்து எழுதப்படுகிறது. ஈராக்கின் துஹோக் பக்கத்தில் பேசுவது குர்மாஞ்சியின் ஒரு வகை, ஆனால் எழுதுவது அரபு எழுத்தில். இவை போக ஜாஜாகி, ஹவ்ராமி என்ற பேச்சுகள் தனியாக இருக்கின்றன. ஜெர்மனியின் கொலோனில் வளரும் பிள்ளையும் துஹோக்கில் வளரும் அதன் சொந்தக்காரப் பிள்ளையும் போனில் பேசினால் புரியும், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. அதனால் எழுத்தைவிட ஒலிதான் இவர்களுக்குப் பொதுவான புத்தகம். நேரம் குறைவாக இருந்தால் எழுதுவதை விட்டுவிடுங்கள், ஒலியை விடாதீர்கள்.

எழுதத்தான் போகிறீர்கள் என்றால் அந்த வீட்டில் எந்த எழுத்து படிப்பார்களோ அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பாட்டியின் பேச்சைத் 'திருத்த' வேண்டாம். பள்ளியில் குர்து மொழி படித்த இளையவர்களுக்குத்தான் இந்த ஆசை அதிகம், பாட்டி வாயிலிருந்து வரும் துருக்கிச் சொல்லையெல்லாம் எடுத்துவிட்டுச் 'சுத்தமான' சொல்லைப் போடுவார்கள். அப்புறம் பிள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்டால் இரண்டும் ஒட்டாது. ஒலியையும் எழுத்தையும் வரிக்கு வரி இணைக்க ஈலான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் செய்தது, மொழி ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. பழக இரண்டு மாலை ஆகும்.

ஒரே கதைக்கு ஊருக்கு ஊர் பேரே வேறு. தாய் ஆடு வெளியே போயிருக்கும்போது ஓநாய் வந்து குட்டிகளை ஏமாற்றுகிற கதை குர்மாஞ்சியில் 'ஷெங்கேயும் பெங்கேயும்', சோரானியில் 'தீதீலேயும் பீபீலேயும்'. எது சரி என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் எடுத்து வையுங்கள்.

கூரைமேல் ஆடு

இந்த ஆட்டுக் கதையை ஒரு உதாரணமாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன். குட்டிகளைக் காணாத தாய் ஆடு ஒவ்வொரு வீட்டுக் கூரையாக ஏறிக் குளம்பால் தடதடவென்று மிதிக்கும். உள்ளே இருப்பது "யார் அது, என் சாப்பாட்டில் மண் விழுகிறதே" என்று கத்தும். இல்லை, இது நரி வீடு, அடுத்த கூரை. மேல் வீட்டுப் பையனுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. ஆடு எப்படிக் கூரைக்குப் போகும், லிஃப்டிலா? மிதித்தால் சாப்பாட்டில் எப்படி மண் விழும்? ஜெர்மன் மொழியில் கதையை எழுதிக் கொடுத்தவர் ஒருவர் கூரையை எடுத்துவிட்டுக் 'கதவைத் தட்டியது' என்று மாற்றியிருந்தார். கதை ஓடும், சந்தேகமில்லை. ஆனால் போனது ஒரு ஊரே.

மலைச்சரிவுக் குர்து கிராமங்களில் மண்ணால் மெழுகிய தட்டைக் கூரைகள். ஈரானில் இருக்கிற ஹவ்ராமான் மாதிரியான இடங்களில் கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டின் முற்றம், படிக்கட்டு மாதிரி ஊர் ஏறிக்கொண்டே போகும். அங்கே ஆடு கூரைக்குப் போக ஏறவே வேண்டாம், நடந்தால் போதும். மிதித்தால் மண் உதிரத்தான் செய்யும். ஹவ்ராமான் 2021 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, படங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஒரு படத்தைக் காட்டினோம், பையன் அட்டைப்பெட்டிகளைப் படிக்கட்டாக அடுக்கி ஊர் கட்டினான், தன் பொம்மைக் குதிரையை ஆடாக்கி மேலே ஓடவிட்டான். கதையில் புரியாத இடம் வந்தால் அதை வெட்டாதீர்கள். அந்த ஊரைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

வாலை வெட்டுவது, ஓநாயின் வயிற்றைக் கிழிப்பது எல்லாம் பயங்கரமாக இருக்கிறதே என்று பெரியவர்களுக்குத்தான் தோன்றுகிறது. நான் பார்த்தவரை பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் திரும்பச் சொல்லச் சொல்கின்றன. விட்டுவிடுங்கள்.

விட வேண்டியவையும் உண்டு. பாட்டி தாத்தாக்கள் சொல்லிக்கொண்டே போகும்போது கதை சட்டென்று நிஜத்துக்குத் திரும்பிவிடும். தெர்சிமில் 1938இல் நடந்த படுகொலை, ஹலப்ஜாவில் 1988இல் நடந்த படுகொலை, எரிந்த தங்கள் ஊர். குழந்தையை மெதுவாக வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பதிவை நிறுத்தவா தொடரவா என்று கேளுங்கள். தொடரச் சொன்னால் தனிக் கோப்பாக வையுங்கள், பிள்ளைகளின் கதைகளோடு கலக்காதீர்கள். அதே மாதிரி, யெசிதி என்ற தனி மதத்தைச் சேர்ந்த குடும்பங்களில் கெவ்ல் என்று சொல்லப்படுபவை வழிபாட்டுப் பாடல்கள். அவற்றைத் 'தேவதைக் கதை' ஆக்கி வண்ணப் படம் போட்டுவிடக் கூடாது, அந்தச் சமூகத்தார் என்ன சொல்கிறார்களோ அதன்படி.

குழந்தை திரும்பச் சொல்ல

பதிவு செய்து வைத்ததோடு விட்டால் பழைய கேசட் பெட்டிக்குப் பதிலாகப் புதிய பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். சங்கிலிக் கதைகள் இதற்கு அருமையானவை. கிழவி பாலைக் கொடுத்தால்தான் வால் என்பாள், ஆடு இலை கொடுத்தால்தான் பால் என்கும், மரம் தண்ணீர் கேட்கும், ஊற்று பெண்கள் வந்து ஆட வேண்டும் என்கும், பெண்கள் செருப்புக் கேட்பார்கள், செருப்புத் தைப்பவர் முட்டை கேட்பார், கோழி தானியம் கேட்கும். சொல்பவருக்குச் சொல்பவர் ஒன்றிரண்டு கண்ணி மாறும். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைத் தரைவிரிப்பில் வரிசையாக வைத்தோம்: டம்ளர், ஒரு இலை, கிண்ணத்தில் தண்ணீர், குழந்தையின் ஒற்றை ஷூ, அவித்த முட்டை, ஒரு கைப்பிடி கோதுமை. நரியாக நடிப்பவன் அந்த வரிசையில் போக வேண்டும், வர வேண்டும். திரும்பி வரும் வழியில்தான் நினைவு சோதிக்கப்படும். மூன்றாம் நாள் பொருள்களை எடுத்துவிட்டோம், நான்காம் நாள் வரிசை அவன் வாயில் இருந்தது. ஷூவை மட்டும் அவன் விடவில்லை, கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன் என்றான்.

மொழி வராத பிள்ளையிடம் முழுக் கதையையும் குர்து மொழியில் சொல்லச் சொல்லித் துன்புறுத்தாதீர்கள். கதையை ஜெர்மனிலோ துருக்கியிலோ சொல்லட்டும். 'ஹெபூ நெபூ', நரியின் கெஞ்சல், கிழவியின் பதில், முடிவு வாசகம், இந்த நான்கு மட்டும் குர்து மொழியில். இரண்டு மாதத்தில் ஆடும் மரமும் தாமாகக் குர்து மொழியில் பேசத் தொடங்கிவிடும், பேசாவிட்டாலும் நான்கு வாசகம் லாபம்தானே. நடுவில் இலக்கணத்தைத் திருத்துகிற மாமாவுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுங்கள். நன்றாகச் சொன்னால் பெரியவர்கள் "ஹெர் பிஜீ!" என்று சத்தமாகச் சொல்லட்டும், 'என்றும் வாழ்க' என்று பொருள். தெங்பேஜ்களுக்குச் சொல்வதும் அதைத்தான். அந்தப் பையன் முதல்முறை அதைக் கேட்டதும் முகத்தைக் குஷனில் புதைத்துக்கொண்டான், அப்புறம் உடனே "இன்னொன்று சொல்றேன்".

குழந்தை சொல்வதையும் பதிவு செய்யுங்கள், அதுவும் ஒரு வடிவம்தான். படமும் அதையே வரையச் சொல்லி எட்டுப் பக்கச் சின்னப் புத்தகமாக மடித்து நாலு பிரதி அச்செடுத்தால் போதும், பதிப்பகம் வேண்டியதில்லை.

வைப்பதும் கொடுப்பதும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். மெசேஜ் செயலியில் அனுப்பிய ஒலியைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள், தரத்தைக் குறைத்துத்தான் போகும். கோப்பின் பேரில் கதை, ஊர், ஆண்டு இருக்கட்டும்.

இணையத்தில் போடுவதற்குமுன் சொன்னவரிடமும் பிள்ளையின் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஊரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், பேச்சுவாக்கில் வந்த ஒரு பேரோ ஊரோ அரசியலோ அவர்களுக்குத் தொல்லையாகலாம், அந்த இடத்தை வெட்டிய பொதுப் பிரதி ஒன்றும், வெட்டாத வீட்டுப் பிரதி ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. குடும்பம் விரும்பினால் 1983இல் தொடங்கிய பாரிஸ் குர்து நிறுவனம் மாதிரியான இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம். முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களைப் பார்க்க ஆசையாக இருந்தால், ஓர்திகான் ஜெலீல், ஜெலீலே ஜெலீல் சகோதரர்கள் தொகுத்து 1978இல் மாஸ்கோவில் வெளிவந்த இரண்டு தொகுதி வாய்மொழித் திரட்டைத் தேடிப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் மார்ச் 21, நவ்ரோஸ் என்ற புத்தாண்டு நாளை வைத்துக்கொண்டோம், மறக்காது. அன்றைக்கு எப்படியும் வீடு நிறைய ஆள் இருக்கும், ஊர் ஊராக வந்தவர்கள். சோதிப்பதற்காக ஏதாவது ஒரு கதையை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஓடவிடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது ஒரு அத்தை, "எங்கள் ஊரில் நரி முதலில் ஆட்டிடம் போகாது" என்பார். அவர் மடியில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் போனைத் துண்டின்மேல் வையுங்கள்.